அட்டையை முடித்துவிட்டு நிறுத்துவதா, பாதியிலேயே விடுவதா?

இரண்டு ஹார்மோன் சேர்ந்த கருத்தடை மாத்திரையை விடுவது என்று முடிவெடுத்தாயிற்று. கையில் இருக்கிற அட்டையை முடிப்பதா, இன்றே ஓரமாக வைப்பதா?

முடித்துவிட்டு நிறுத்தினால் கணக்கு எளிது. கடைசி ஹார்மோன் மாத்திரைக்குப் பின் சில நாட்களில் வழக்கம்போல உதிரப்போக்கு வரும். அது உண்மையான மாதவிடாய் அல்ல; ஹார்மோன் அளவு இறங்குவதால் கருப்பையின் உட்படலம் உதிர்கிறது, அவ்வளவுதான். அசல் மாதவிடாய் பெரும்பாலும் அதற்கு 4 முதல் 6 வாரம் கழித்துத்தான்.

பாதியில் விட்டாலும் இதே உதிரப்போக்கு வரலாம், ஆனால் எதிர்பாராத நாளில். பெரிய சிக்கல் வேறு: நிறுத்துவதற்கு முந்தைய 7 நாட்களில் உடலுறவு இருந்திருந்தால் கருத்தரிக்க வாய்ப்புண்டு. குழந்தைக்காகவே நிறுத்துபவர்களுக்கு அது சிக்கலே இல்லை, சரி. மற்றவர்களுக்கு அட்டையை முடிப்பதே நிம்மதி என்பேன். ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் மட்டும் அட்டைக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம் நடப்பது இரண்டிலும் ஒன்றுதான். முதல் 3 மாதம் தேதி முன்பின்னாகலாம்; மாத்திரைக்கு முன்பிருந்த வயிற்றுவலியும் முகப்பருவும் திரும்பலாம். 3 மாதம் தாண்டியும் மாதவிடாய் வரவில்லையா? முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு மருத்துவர்.