இன்குபேட்டர் வாசலில் ஆறு நாள்

தங்கையின் பிரசவத்துக்காகவே மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். 41 வாரம் முடிந்து பனிக்குடம் உடைந்தபோது தண்ணீர் பச்சையாக வந்தது. பிறந்தவன் சரியாக அழவில்லை. தொப்புள்கொடிகூடப் பச்சை படிந்திருந்தது. நேராக என்ஐசியுவுக்கு, அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, கொண்டுபோய்விட்டார்கள்.

"உள்ளேயே மோஷன் போய், அதை முழுங்கிருச்சு." எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். அப்புறம் நான்கு மணி நேரம் தகவலே இல்லை. மருந்துச் சீட்டு மட்டும் மூன்று தடவை வந்தது. இவள் சரியாகக் கவனிக்கவில்லை என்று பேசவும் உறவில் ஆள் இருந்தது.

இரவு டூட்டிக்கு வந்த டாக்டர்தான் உட்கார்ந்து பேசினார். "முழுங்கியிருந்தா வயித்துக்குத்தாங்க போகும், பயமில்லை. இது மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கு." கருமலம், அதாவது குழந்தையின் முதல் மலம், பிசின் மாதிரி ஒட்டுமாம். உள்ளே போகிற காற்றை விடும், வெளியே வருகிற காற்றை அடைக்கும். அதிலுள்ள பித்த உப்புகள் பட்டு நுரையீரல் புண்பட்டு வீங்கும். கிருமி இல்லாமலேயே வரும் அழற்சி இது. கிருமி இல்லை என்று உறுதியாகும் வரைதான் ஆன்டிபயாட்டிக். நூறு பிரசவத்தில் பத்துப் பதினைந்தில் தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும், அதில் சில குழந்தைகளுக்கே இப்படி ஆகும், அம்மா மேல் தப்பில்லை என்றார். அதை அந்த உறவினர் காதுபடச் சொன்னதற்குத் தனியாக நன்றி.

பிறந்த உடனே குழாய் விட்டு ஏன் உறிஞ்சவில்லை என்று சண்டை போடத் தயாராக இருந்தேன். முன்பு அப்படித்தான் செய்தார்களாம். 2015 வாக்கில் வழிகாட்டுதல் மாறி, துவண்டு பிறந்தாலும் முதலில் மூச்சுக்கு உதவுவதுதான் முறையாம். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் மூச்சுத்திணறல் கூடத்தான் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், மறுநாள் சிபேப்பில் (மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று தரும் கருவி) ஆக்சிஜனை ஏற்றியபோது நாங்கள் பதறவில்லை. மூக்கு விடைக்க, விலாவுக்கடியில் குழி விழ, நிமிடத்துக்கு 78 மூச்சு. நர்ஸ் ஒருவர் மெஷினை மட்டும் நம்பாமல், கையில் வாட்சைப் பிடித்து முழு நிமிடமும் எண்ணுவார். மூன்றாம் நாள் குழாய் வழியே தாய்ப்பால். நான்காம் நாள் 56.

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். 60-க்கு மேல் போனாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ உடனே தூக்கிவரச் சொன்னார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். தங்கை தினமும் ராத்திரி அவன் தூங்கும்போது எண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். நேற்று 44.