பைனரி ரீடருடன் ஒன்பது ஆண்டுகள்: எண்ணில் நிம்மதி, எழுத்தில் தலைவலி

சென்ற வாரம் என்னுடன் பணிபுரியும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, கோப்பில் கடைசி அளவீடு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. லூப் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்." நிரலை அனுப்பச் சொன்னேன். முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பீக்சார் (அடுத்த எழுத்து என்ன என்று நகராமல் எட்டிப்பார்க்கும் பைனரி ரீடரின் கட்டளை) -1 தரும்வரை படித்துக்கொண்டே போ என்று எழுதியிருந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அதே வரியை எழுதி, அதே இடத்தில் இரண்டு நாட்களைத் தொலைத்தேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில், கோப்பிலுள்ள பைட்டுகளை எண்ணாகவோ எழுத்தாகவோ படித்துத் தருவது பைனரி ரீடர். அந்தத் தளத்தில் சி ஷார்ப் மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எண்களைப் படிப்பதில் அது என்னை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. முழு எண் கேட்டால் நான்கு பைட்டுகளை எடுக்கும், இரட்டைத் துல்லிய எண் கேட்டால் எட்டு. கூடவும் எடுக்காது, குறையவும் எடுக்காது. வம்பெல்லாம் எழுத்தைக் கேட்கும்போதுதான் தொடங்குகிறது.

தம்பியின் கோப்பில் ஒவ்வோர் அளவீடும் ஒரே ஒரு பைட்டு. எல்லாம் 128க்குக் கீழே. கடைசி மட்டும் 224. நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் பைனரி ரீடர் யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத்தான் (ஓர் எழுத்தை ஒன்று முதல் நான்கு பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) எடுத்துக்கொள்ளும். அந்தக் குறியாக்கத்தில் 224 என்பது மூன்று பைட்டு எழுத்து ஒன்றின் தொடக்கம். பீக்சார் மீதி இரண்டு பைட்டுகளைத் தேடுகிறது, கோப்பு முடிந்திருக்கிறது, ஆகவே -1 என்கிறது. ஒரு பைட்டு கண்ணெதிரே மிச்சம் இருக்கிறது! பைட்டு மிச்சம் இருக்கிறதா என்று நாம் கேட்கிறோம். எழுத்து மிச்சம் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. அந்த 224 நடுவில் வந்து, அடுத்து 65 போன்ற ஒன்று இருந்திருந்தால் நிரல் பிழை காட்டி நின்றிருக்கும். அதுவாவது நல்லது, உடனே தெரிந்துவிடும். முன்னும் பின்னும் நகர முடியாத ஸ்ட்ரீமாக (பைட்டுகள் வரிசையாக வரும் ஓட்டம்) இருந்தாலோ, முதல் பைட்டிலிருந்தே -1தான்.

என்னை உண்மையில் வதைத்தது, கேட்ட எண்ணிக்கையில் எழுத்துகளைப் படித்துத் தரும் ரீட்சார்ஸ். பழைய நிரல் ஒன்று எழுதிவைத்த கோப்பு அது. பதிவு ஒன்றுக்கு 38 பைட்டுகள்: நான்கு பைட்டு வரிசை எண், 30 பைட்டு பெயர், நான்கு பைட்டு தொகை. பெயருக்காக ரீட்சார்ஸிடம் 30 கேட்டேன். ஆங்கிலப் பெயர்களோடு பல மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. முதல் தமிழ்ப் பெயர் வந்த அன்று எல்லாம் குலைந்தது.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ழகரத்தின் தலையிலுள்ள புள்ளிக்கும்கூட. ஆக 15 பைட்டுகள். தகரம் மட்டும் 224, 174, 164. பெயர்ப் புலத்தில் மீதமுள்ள 15 பைட்டுகளும் சுழியம், அவை 15 குறிகள். மொத்தம் 20தான் ஆகிறது. கேட்டது 30 அல்லவா, ரீட்சார்ஸ் புலத்தின் எல்லையைத் தாண்டி அடுத்ததற்குள் நுழைகிறது. தொகையின் நான்கு பைட்டுகள், அடுத்த பதிவின் வரிசை எண், அடுத்தவர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் எல்லாம் முதல் ஆளின் பெயரில் போய் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு வந்த ஒரு தொகையும் தொகையாக இல்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் பெயரிலேயே 'சார்', அதாவது எழுத்து, என்று இருக்கிறது, பைட்டு என்று இல்லை. ஆவணமும் எதையும் மறைக்கவில்லை. நகர முடியாத ஸ்ட்ரீமில் -1 வரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இந்திய மொழிகளுக்கான பழைய இஸ்கி குறியாக்கத்தோடு எழுத்து படிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. யுடிஎஃப்-8 மீதும் பழி போட முடியாது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் அதை எவ்வளவு யோசித்து அமைத்திருக்கிறார்கள்! ஓர் எழுத்தின் நடுவில் போய் விழுந்தாலும் 128 முதல் 191 வரையிலான பைட்டுகளைத் தாண்டிப் பின்னால் நகர்ந்தால் எழுத்தின் தொடக்கம் கிடைத்துவிடும். அப்படிப்பட்ட குறியாக்கத்தை வைத்துக்கொண்டு, ஒரு எமோஜி வந்தாலே, ஒரே ஓர் எழுத்தைப் படிக்கும் ரீட்சார் பிழை காட்டி நிற்பதுதான் எனக்கு ஆறவில்லை. நான்கு பைட்டு எழுத்துக்குள் டாட்நெட் கணக்கில் இரண்டு 'சார்' இருக்கின்றன, அதனால் ஒன்றாகத் தர முடியாது என்பது அதன் கணக்கு. கணக்கு சரிதான். பயன்படுத்துகிறவனுக்கு அதனால் என்ன பயன்?

நான் எதிர்பாராமல் மகிழ்ந்தது, முழுச் சொல்லையும் ஒரே தடவையில் படிக்கும் ரீட்ஸ்டிரிங்கில். எழுதும்போதே சொல்லின் நீளத்தைப் பைட்டுக் கணக்கில் முன்னால் வைத்துவிடுகிறார்கள். 'தமிழ்' என்று எழுதினால் முதலில் 15 என்று ஒரு பைட்டு, பிறகு அந்த 15 பைட்டுகள். நீளம் 127 வரை ஒரே பைட்டில் அடங்கிவிடும். தமிழில் 42 குறிகள்வரை கவலையில்லை, 43ஆவது குறி வந்தால் நீளத்துக்கே இரண்டு பைட்டுகள். இத்தனை ஆண்டுகளில் ஒரு தமிழ்ச் சொல்கூட இதில் சிதைந்ததில்லை. எழுதும் பக்கம், படிக்கும் பக்கம் இரண்டும் நம் கையில் இருந்தால் இதைவிட எளிதான வழியை நான் பார்க்கவில்லை.

இவ்வளவு பாராட்டிவிட்டும், பிறர் எழுதிய கோப்பைப் படிக்க எது நல்லது என்று தம்பி கேட்டபோது பைனரி ரீடர் வேண்டாம் என்றே சொன்னேன். எண்களுக்கு அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ரீட்சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அவசரத்தில் கை அதற்குத்தான் போகும். 30 பைட்டுகளையும் பைட்டுகளாகவே வாங்கி, சுழியங்களைக் கழித்துவிட்டு, மொத்தமாக எழுத்தாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

அவருடைய லூப்பில் பீக்சாரை எடுத்துவிட்டு, ஸ்ட்ரீமில் இருக்கும் இடம் அதன் நீளத்தைவிடக் குறைவாக உள்ளவரை படி என்று மாற்றினோம். 224 வந்துவிட்டது.