கண்ணாடிக்கு உள்ளே மூட்டம்: பழைய படங்களுக்காக வாங்கிய ஸ்கேனர், ஆறு வருஷம் கழித்து

இந்த ஸ்கேனரின் விலை இறங்கிவிட்டது, வாங்கலாமா என்று இந்த மாதம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம்தான். மூவர் வீட்டு வளவிலும் சுவர் கொள்ளாமல் படம். ஆளுக்கு ஒரு தடவை சொல்வதற்கு, சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். ஸ்கேனர் சர்வீஸிலிருந்து திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஏ4 அளவு, சிசிடி சென்சார், மூடியில் நெகட்டிவுக்கு விளக்கு, பெட்டியில் 6400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 6400ஐ மறந்துவிடுங்கள். இந்த வகை ஸ்கேனரில் பெட்டியில் போட்ட எண்ணில் பாதிகூடத் தேறாது. பேப்பரில் பிரிண்ட் போட்ட படத்துக்கு 600 போதும், அதற்கு மேல் படத்திலேயே விவரம் கிடையாது. 4×6 படத்தை 600இல் எடுத்தால் 2400×3600 புள்ளி வரும். அதை 300இல் அச்சடித்தால் 8×12 அங்குலம், அதாவது அசலைப் போல இரண்டு மடங்கு. கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில், 48 பிட் நிற ஆழத்தில், டிஃப் (தரம் குறையாத கோப்பு வகை) ஆகச் சேமியுங்கள். ஏன் கலர் என்பது பின்னால் வருகிறது.

மூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத்து நகராது.

மேல் கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும், அதன் உள்பக்கம் மெல்ல ஒரு படலம் ஏறுகிறது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக், கிரீஸ், ஸ்பாஞ்ச் எல்லாம் சூட்டில் ஆவி விடும். அந்த ஆவி கண்ணாடியில் போய்ப் படியும். முற்றம் திறந்த வீடு என்றால் இடுக்கு வழியாகத் தூசியும் சேர்ந்துகொள்ளும். கண்ணுக்கு லேசில் தெரியாது. படத்தில்தான் தெரியும். கறுப்புக் கோட்டுக்குள் தலைப்பாகையின் வெள்ளை கசியும், கறுப்பு சாம்பலாகும். "படம் பழசு, அதான் வெளுத்திருக்கு" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு நூறு படம் எடுத்துத் தள்ளியிருப்போம். அத்தனையும் திரும்ப எடுக்க வேண்டும்.

பரிசோதனை எளிது. ராத்திரி அறை விளக்கை அணைத்து, மூடியைத் திறந்து, கண்ணாடியில் எதுவும் வைக்காமல் 300 டிபிஐயில் ஒரு ஸ்கேன். மென்பொருள் தானாகத் திருத்துவதையெல்லாம் நிறுத்திவைத்துவிட்டுச் செய்யுங்கள். வரும் படம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். படம் திருத்தும் மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் வெள்ளை முனையை இடதுபக்கம் இழுத்துப் பார்த்தால் திட்டுத் திட்டாக மேகம் தெரியும். அதுதான் மூட்டம். என்னுடையதில் முதல் மழைக்காலம் தாண்டியதுமே தெரிந்தது.

சர்வீஸில் கொடுத்தால் இரண்டாயிரத்துச் சொச்சம், பதினெட்டு நாள். திரும்பி வந்தபோது மூட்டம் போயிருந்தது, கண்ணாடிக்கு உள்ளே ஒரு தலைமுடி இருந்தது. வாரண்டி முடிந்தவர்கள் நீங்களே பிரிப்பது மேல். வயரைப் பிடுங்குங்கள். ஸ்கேனரில் பூட்டு இருந்தால் சென்சார் வண்டியைப் பூட்டுங்கள். மேல் சட்டத்தின் திருகுகள் சில வெளியே தெரியாது, சின்ன மூடிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மூடியின் விளக்குக்குப் போகும் கேபிளைப் பார்த்துச் சட்டத்தைத் தூக்குங்கள். மைக்ரோஃபைபர் துணியில் டிஸ்டில்ட் வாட்டர் தொட்டு ஒரு தடவை, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை. கண்ணாடி மேல் நேராகத் தெளிக்காதீர்கள், ஓரத்தில் இறங்கிவிடும். வண்டிக்குள் இருக்கும் கண்ணாடிச் சில்லுகளைத் தொடவே கூடாது. அவற்றில் ரசம் மேல்பக்கம் பூசியிருக்கும், துணி பட்டாலே கீறும். கண்ணாடியின் ஒரு விளிம்பில், உள்பக்கம், வெள்ளைப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். ஸ்கேனர் தன் வெள்ளையை அளந்துகொள்வது அதை வைத்துத்தான். அதில் ஒரு தூசி இருந்தாலும் எல்லாப் படத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு ஓடும். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மொத்தம் முக்கால் மணி நேரம். ஒரு வருஷத்தில் மறுபடியும் ஏறும்.

இவ்வளவு திட்டிவிட்டு இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், சட்டம் போட்ட படங்களுக்காக.

மெலிசாக இருக்கும் மலிவு ஸ்கேனர்கள் சிஐஎஸ் வகை. கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டும்தான் துல்லியமாக விழும், ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கல். சிசிடிக்கு ஆழம் உண்டு, சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் முகம் முகமாகவே வரும். நம் வீட்டுப் படங்களுக்கு இது பெரிய விஷயம். பாதிப் படம் ஈரத்தில் ஜெலட்டின் இளகி, காய்ந்து, சட்டத்துக் கண்ணாடியோடேயே ஒட்டிக் கிடக்கிறது. அதைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் மூக்கு கண்ணாடியில் நிற்கும், மீதி முகம் கையில் வரும். பின்பலகை ஆணிகளை மட்டும் எடுத்து, கண்ணாடியும் படமுமாகச் சேர்த்து வெளியே எடுத்து, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி ஸ்கேனரில் வையுங்கள். இரண்டு கண்ணாடி நேரடியாகத் தொட்டால் எண்ணெய் மிதந்த மாதிரி வானவில் வளையம் விழும். நான்கு ஓரத்திலும் மெல்லிய காகித நறுக்கு வைத்தால் போய்விடும்.

நான் எதிர்பார்க்காத ஒன்று இங்கேதான் கிடைத்தது. காலமானவர்கள் படத்தின் கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்போம் இல்லையா? துடைத்துவிட்டு எடுக்கத்தான் கை போகும். துடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை அப்படியே எடுங்கள். பொட்டு ஸ்கேனர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பதால் சந்தனம் காய்ந்த வெடிப்பு, குங்குமத்தின் ஒவ்வொரு துகள், விரல் ரேகை வரைக்கும் விழும். பொட்டு வைத்த அப்பத்தாவின் முகம் அதற்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி லேசாக மென்மைப்பட்டு நிற்கும். எந்த மென்பொருளிலும் இதை ஒப்பேற்ற முடியாது. சந்தனத்தூள் ஸ்கேனர் கண்ணாடியில் உதிரும், அதனால் அடியில் ஒரு ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) கட்டாயம்.

இன்னொன்று. விளக்கு ஒரு பக்கமிருந்து சாய்வாக அடிக்கிறது. ரங்கூனிலும் பினாங்கிலும் எடுத்த பழைய படங்களின் அட்டையில் ஸ்டூடியோ பெயரை மையில்லாமல் அழுத்தியிருப்பார்கள். படத்தை 90 டிகிரி திருப்பி வைத்தால், அதுவரை வெற்று அட்டையாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழும்பி வரும். இதே சாய்வு விளக்குதான் எழுபது, எண்பதுகளில் வந்த சொரசொரப்புப் பேப்பர் படங்களில் தேன்கூடு மாதிரி பொறிபொறியாகக் காட்டி உயிரை எடுக்கும். அதற்கு மருந்து, நேராக ஒரு தடவை, 180 திருப்பி ஒரு தடவை எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி, மேல் லேயரை, அதாவது மேலே இருக்கும் படத்தை, பாதி ஊடுருவித் தெரியும்படி பாதியாக்குவது. பொறியின் மேடும் நிழலும் ஒன்றையொன்று தின்றுவிடும். கறுப்புப் பகுதி நீலமாக வெள்ளி பூத்த படத்துக்கும் இதே வேலைதான். அங்கே பாதியாக்காமல், இரண்டில் எது இருட்டோ அதை எடுக்கும் டார்க்கன் முறை.

கலரில் எடுக்கச் சொன்னதன் காரணம் இது. கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் தனித்தனியாக இருக்கும். பழுப்புக் கறை விழுந்த படத்தில் சிவப்புச் சேனலை மட்டும் பாருங்கள், கறை பாதிக்கு மேல் காணாமல் போகும். மாறாக, படமே மஞ்சளாக வெளிறிப் போயிருந்தால் நீலச் சேனலில்தான் மீதமிருக்கும் முகம் இருக்கும். கை வண்ணம் தீட்டிய கல்யாணப் படங்களும் உண்டு. கழுத்துருவுக்கு (செட்டிநாட்டுக் கல்யாணத் தாலி நகை) மட்டும் மஞ்சள் தொட்டு வைத்திருப்பார்கள். 600இல் பெரிதாக்கினால் தூரிகை ஒவ்வொரு உருப்படியிலும் ஒரே ஒரு தொடல் தொட்டு நகர்ந்தது தெரியும். கீழே தொங்கும் கூர்களில் மட்டும் கை நடுங்கி வண்ணம் சேலைக்கு வழிந்திருக்கும். அதைத் திருத்தாதீர்கள். இப்படிப்பட்ட படத்தை ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது.

படத்தைச் சுத்தம் செய்து அச்சடிப்பதோடு நிறுத்துகிறவர்களுக்கு இந்த ஸ்கேனர் அதிகப்படி. புதிதாக ஏதாவது செய்கிறவர்களுக்குத்தான் காசு பெறும். கண்டாங்கிச் சேலையின் கரையை நேராகக் கண்ணாடியில் விரித்து, மூடியை மூடாமல் மேலே கறுப்புத் துணி போட்டு எடுத்தால் நெசவு புடைப்போடு விழும். ஆத்தங்குடிக் கல்லையும் (தரையில் பதிக்கும் பூவேலைக் கல்) எடுக்கலாம், எடையைத் தாங்கி மெதுவாக இறக்கத் தெரிந்தால். அளவுப் பொருத்தம் மட்டும் கவனம். முகத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் துணியையும் 600இல் எடுத்து ஒட்டினால் நூல் கயிறு மாதிரி நிற்கும். துணியை 300இல் எடுங்கள், நூல் நூலாகவே இருக்கும்.

நான் முக்கியமாகப் பயன்படுத்துவது சயனோடைப்புக்கு. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீலப் படம், நம் ஊர் வெயிலுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில். பூசும்போது சம அளவு கலக்க வேண்டும். சிட்ரேட்டில் பச்சை வகை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர் காரைக்குடி, இருந்தும் கேட்காவிட்டால் பழுப்பு வகையைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சமையல் பாத்திரம் வேண்டாம், கடும் அமிலம் பக்கத்திலேயே வேண்டாம். ஸ்கேன் செய்த படத்தை நெகட்டிவாக்கி, இடவலம் மாற்றி, இங்க்ஜெட் ஓஎச்பி ஷீட்டில் அடித்து, பூசிக் காய்ந்த காகிதத்தின் மேல் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். சித்திரை உச்சி வெயிலில் பத்து நிமிஷத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள். மூடாத ஓரம் நீலம் தாண்டிச் சாம்பல் வெண்கலமாக மாறினால் போதும், எடுத்துக் கழுவலாம்.

கழுவும் தண்ணீரில்தான் பலர் தோற்கிறார்கள். போர்வெல் தண்ணீர் காரமாக (அமிலத்துக்கு எதிரான குணம்) இருந்தால் நீலத்தைத் தின்றுவிடும், இந்த நிறத்துக்குக் காரம் ஆகாது. முதல் கழுவலில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வினிகர், அல்லது ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு. அதே காரணத்தால், முடித்த படத்தைச் சுண்ணாம்புச் சுவரில் நேராக ஒட்டாதீர்கள். வீட்டுச் சுவர் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் சுண்ணாம்பு சுண்ணாம்புதான்.

மூட்டம் என்னை இவ்வளவு எரிச்சல்படுத்துவதும் இங்கேதான். சயனோடைப்புக்கு நெகட்டிவில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நல்ல இடைவெளி வேண்டும். ஸ்கேனிலேயே கறுப்பு சாம்பலாகிவிட்டால் நெகட்டிவில் அந்த இடம் தெளிவாக நிற்காது, காகிதத்தில் ஆழ்ந்த நீலம் வராமல் துவைத்த நீலமே வரும். லெவல்ஸில் இழுத்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் வெள்ளை வேட்டியைச் சுற்றிய கசிவு இழுக்க இழுக்கப் பெரிதாகும்.

நெகட்டிவ் விளக்கு பரவாயில்லை, 120 என்ற அகல ஃபிலிமுக்கு நன்றாகவே வரும். தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வேலை செய்யாது. வெள்ளியே அகச்சிவப்பை மறித்துவிடும், முகத்தையே தூசி என்று நினைத்துத் துடைக்கும். உடன் வரும் மென்பொருளைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

ஆகவே, வாங்காதீர்கள். இறங்கிய விலையிலும் வேண்டாம். வருஷம் ஒரு தடவை வாங்கியவரே பிரித்துத் துடைக்க வேண்டிய பொருளுக்கு இது அதிக விலை. என்னுடையதை விற்பீர்களா என்று கேட்டவருக்கு, மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செகண்ட்ஹேண்டில் பார்த்தே தீருவேன் என்பவர்கள் போகும்போது ஒரு டார்ச்சும், வெள்ளைச் சட்டை கறுப்புக் கோட்டில் ஒரு பழைய படமும் எடுத்துப் போங்கள். டார்ச்சைக் கண்ணாடிக்குச் சாய்த்து அடித்தால் மூட்டம் தெரியும். படத்தைச் சென்சார் வண்டி கிளம்பும் பக்கம் ஒரு தடவை, மறுமுனையில் ஒரு தடவை எடுத்து இரண்டு கறுப்பையும் ஒப்பிடுங்கள். மூட்டம் இருந்தால் விலையில் ஆயிரம் குறையுங்கள், துடைத்தால் போகிற விஷயம்தான். கோடு விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தலைமுடி இருந்தால் அது எந்த மூலை என்று பாருங்கள். என்னுடையதில் இடதுபக்கம் மேலே. அங்கே முகம் வராத மாதிரி படத்தை வைக்கப் பழகிவிட்டது.