மேடை டிராகுலாவுக்குக் கறுப்பு மேலங்கியா, சிவப்பு அங்கியா?

உயர்ந்த காலர் வைத்த கறுப்பு மேலங்கி 1924இல் ஹாமில்டன் டீனின் நாடகத்தோடு வந்தது. நடிகர் தரைக்கதவு வழியே நழுவி மறைய, அந்தக் காலர் தலையை மறைத்தது. 1992இல் வந்த டிராகுலா படத்துக்கு உடை வடிவமைப்பாளர் எய்கோ இஷியோகா அதைக் கைவிட்டு, தரையில் நீண்டு புரளும் சிவப்பு அங்கியைத் தந்தார். ஆஸ்கர் கிடைத்தது, முழுக்கத் தகும்.

கறுப்பு வெல்வெட் ஒளியை விழுங்கும். இருண்ட திரைக்கு முன் உருவமே கரைந்துபோகும். சிவப்பு சாட்டின் உள்துணி வைத்தால் கை விரிக்கும்போது உருவம் துலங்கும். காலர் விறைப்பாக நிற்க, உள்ளே இரண்டு அடுக்கு பக்ரம் (கஞ்சி ஏற்றிய முரட்டுத் துணி) வையுங்கள். பக்ரத்தின் கஞ்சி வியர்வையில் இளகும், அதனால் விளிம்பில் கம்பியும் வேண்டும்.

சிவப்பு அங்கியில் தொல்லை அதன் வால்தான். பின்னோக்கி ஓர் அடி வைத்தாலே மிதிபட்டுக் கழுத்தை இறுக்கும். எடையைத் தோள் தாங்கும்படி உள்ளே பட்டை தையுங்கள். சிறிய மேடைக்கு நிச்சயம் கறுப்புதான்.