தெரிந்த சொல்தான் காலை வாரும்: வின்னிகாட் அகராதி, ஒரு மதிப்புரை

குழந்தை உளசிகிச்சை பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ஒரு முரட்டுக் கலைச்சொல் வந்தால் பயமில்லை. புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும், தேடிப் பார்த்துவிடுவோம். ஹோல்டிங், யூஸ், அலோன், பிளேயிங் மாதிரி பள்ளிக்கூடச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட் (1896–1971) இந்தச் சொற்களை வைத்தே தன் கோட்பாட்டைக் கட்டினார். சாதாரண அகராதி இங்கே உதவாது. அந்த இடத்துக்கு என்றே ஜேன் ஏப்ரம் எழுதிய நூல் 'தி லாங்க்வேஜ் ஆஃப் வின்னிகாட்'. முதல் பதிப்பு 1996, இரண்டாம் பதிப்பு 2007.

அகராதி என்று பெயரே தவிர, சொல்லுக்கு ஒரு வரி அர்த்தம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மொத்தம் 22 தலைப்புகள். ஒவ்வொன்றும் நீண்ட கட்டுரை. ஒரு சொல்லை வின்னிகாட் எந்த ஆண்டில் எப்படிப் பயன்படுத்தினார், பிறகு எப்படி மாற்றினார் என்று அவருடைய பத்திகளையே அடுக்கிக் காட்டுகிறது. நூலின் பலமே இந்த அடுக்குதான்.

'யூஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் 'பயன்படுத்திக்கொள்வது' என்றால் தமிழில் சுரண்டல் வாடை அடிக்கும். 1968-இல் வின்னிகாட் சொன்னது கிட்டத்தட்ட அதற்கு எதிரானது. குழந்தை மனத்துக்குள் தாயை அழிக்கிறது. தாய் அழியாமல் இருக்கிறாள். அப்போதுதான் அவள் தன் கற்பனைக்கு வெளியே நிஜமாக இருப்பவள் என்று குழந்தைக்குப் பிடிபடுகிறது, அவளிடமிருந்து எதையும் பெற முடிகிறது. இங்கே 'சர்வைவ்' என்று வருவதை 'உயிர் பிழைத்தாள்' என்று எழுதினால் வாக்கியமே செத்துவிடும். பதிலுக்குப் பழிவாங்காமல், மாறிப்போகாமல் இருந்தாள் என்பதே பொருள். இதற்குத் தனித் தலைப்பு இல்லை, 'அக்ரெஷன்' (ஆக்ரோஷம்) தலைப்பின் கீழ்தான் தேட வேண்டும்.

'அப்ஜெக்ட்' தமிழருக்கு இரட்டைப் பொறி. 'பொருள்' என்று போட்டால் தாய் ஜடமாகிவிடுவாள், ஏனென்றால் உளப்பகுப்பாய்வில் அப்ஜெக்ட் பெரும்பாலும் ஆள். ஆனால் 'டிரான்சிஷனல் அப்ஜெக்ட்' என்று வந்தால் அது குழந்தை இழுத்துக்கொண்டு அலையும் போர்வை, நிஜமான பொருள்! ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மொழிபெயர்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் இங்கே தோற்றுப்போவோம்.

'ஸ்பாட்டுலா கேம்' பகுதியை நிதானமாகப் படியுங்கள். 1941-இல் வெளியான வின்னிகாட்டின் கட்டுரையில் வரும் காட்சி. தாய் மடியில் குழந்தை; மேசை ஓரத்தில் பளபளவென்று, செங்கோணமாக வளைந்த ஸ்பாட்டுலா, அதாவது நாக்கை அழுத்திப் பார்க்கும் கருவி. குழந்தை கை நீட்டுகிறது, நிறுத்துகிறது, பெரியவர்கள் முகத்தைப் பார்க்கிறது. இந்தக் கட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'பீரியட் ஆஃப் ஹெசிடேஷன்'. நாம் 'தயக்கம்' என்போம், கூச்சம் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். மூலத்தில் உடல் அசையாமல் இருக்கிறது, ஆனால் விறைக்கவில்லை. பிறகு வாயில் எச்சில் ஊற, ஸ்பாட்டுலா வாய்க்குப் போகிறது. ஆசை தனக்குச் சொந்தமாகும்வரை எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. பெரியவர் அவசரப்பட்டு வாயில் திணிக்கக் கூடாது என்பதே அந்தக் காட்சியின் உயிர். 'தயக்கம்' என்றே வைக்கலாம், ஆனால் விறைக்காத உடலையும் ஊறும் எச்சிலையும் விட்டுவிடாதீர்கள்.

'அலோன்' சிறு விஷயம்: தனிமை அல்ல, இன்னொருவர் அருகில் இருக்கும்போதே தனித்திருக்க முடிவது. 'ரூத்லெஸ்' என்பதை ஈவிரக்கமற்ற என்று எழுதினால் கைக்குழந்தைமேல் குற்றம் சாட்டியதாகிவிடும். இரக்கம் இன்னும் முளைக்காத பருவம் அது.

பயன்படுத்தும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் அகராதியைப் படித்தால் மூலக் கட்டுரையில் புதிதாக எதுவும் கண்ணில் படாது. கட்டுரையை ஒரு முறை முழுதாகப் படித்து, மிக எளிதாகப் பட்ட சொற்களைக் கோடிடுங்கள், அதிகபட்சம் ஐந்து. அப்புறம் அகராதியில் அந்தத் தலைப்புக்குப் போய், உங்கள் கட்டுரையின் ஆண்டுக்கு அருகில் உள்ள மேற்கோளை மட்டும் பாருங்கள். 1945-இன் அர்த்தத்தை 1968-இல் ஏற்றினால் வாக்கியம் வளைந்துவிடும். கடைசியாக அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, வாக்கியத்தை ஒரு குழந்தை செய்யும் காரியமாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் இன்னும் புரியவில்லை.

குறையும் உண்டு, சின்னக் குறை இல்லை. சிகிச்சையாளர்கள் அமர்வுகளைப் பற்றி எழுதும் அன்றாட ஆங்கிலத்துக்கு இது கைகொடுக்காது. 'ஐ டுக் அப் ஹிஸ் ஆங்கர்' என்றால் அவன் கோபத்தை நான் ஏற்றுக்கொண்டேன் என்பதல்ல. அதைப் பற்றி அவனிடமே பேசினேன் என்று அர்த்தம். 'ஷி லெட் மீ நோ' என்று வந்தால் அவள் வாய் திறந்திருக்கவே வேண்டாம், பொம்மையைச் சுவரில் எறிந்து தெரிவித்திருக்கலாம். 'மெட்டீரியல்' என்பது குழந்தை அன்று கொண்டுவந்த பேச்சு, படம், விளையாட்டு எல்லாம். 'தி பிரேக்' விடுமுறை இடைவெளி. முறிவு என்று மொழிபெயர்த்தால் நோயாளியின் கதையே மாறிவிடும். இவற்றுக்கெல்லாம் நீங்களே ஒரு குறிப்பேடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வின்னிகாட்டைத் தாண்டினால் நூலின் எல்லை வந்துவிடுகிறது. இன்னொரு உளப்பகுப்பாய்வாளரான பியோனின் 'கண்டெய்னிங்', வின்னிகாட்டின் 'ஹோல்டிங்' இரண்டையும் 'தாங்குதல்' என்று ஒன்றாக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. ஹோல்டிங் உடலைத் தாங்குவதில் தொடங்குகிறது. கண்டெய்னிங் மனத்தின் வேலை: குழந்தையால் பொறுக்க முடியாத உணர்வைத் தாய் உள்வாங்கி, யோசித்து, பொறுக்கக்கூடியதாக்கித் திருப்பித் தருவது. உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைனின் மரபில் வந்த நூல்களைப் படிக்கிறவர்கள் ஹின்ஷெல்வுட் 1989-இல் வெளியிட்ட கிளைனிய அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வின்னிகாட்டை மொழிபெயர்க்கிறவர்களும் அவரை வைத்துப் பாடம் நடத்துகிறவர்களும் தயங்காமல் வாங்கலாம். ஒரே ஒரு கட்டுரை படிக்கப் போகிறீர்கள் என்றால் நூலகப் பிரதி போதும்.