பென்டிரைவில் டெபியன் லைவ்: எதைச் சேமிப்பது, எதை விட்டுவிடுவது

காட்பாடியில் இருந்துகொண்டு, குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் சில கடைகளுக்கும் ஆம்பூரில் ஒரு காலணிப் பட்டறைக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அங்குள்ள கம்ப்யூட்டர்களில் என்னென்ன வைரஸ் குடியிருக்கிறது என்பது உரிமையாளர்களுக்கே தெரியாது. ஆகவே பல ஆண்டுகளாக என் வேலை முழுவதும் கம்ப்யூட்டரில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயங்கும் டெபியன் லைவ் என்னும் லினக்ஸ் சிஸ்டத்தில்தான் நடக்கிறது.

லைவ் சிஸ்டத்தின் மூலப்பிரதி ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் சுருக்கப்பட்ட கோப்பு. அதில் எதையும் எழுத முடியாது. நாம் செய்யும் மாற்றங்கள் ரேமில் இருக்கும் ஒரு மேலடுக்கில் எழுதப்பட்டு, ஷட்டவுன் செய்ததும் மறைந்துவிடும். அவை நிலைக்க வேண்டுமானால், பென்டிரைவில் மீதமுள்ள இடத்தில் ஈஎக்ஸ்டி4 என்னும் லினக்ஸ் கோப்பு அமைப்பில் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, அதற்குப் பெர்சிஸ்டென்ஸ் என்று லேபிள் இட்டு, உள்ளே பெர்சிஸ்டென்ஸ்.கான்ஃப் என்ற சிறு கோப்பை வைக்க வேண்டும். எது நிலைக்கும், எது போகும் என்பதை அந்தக் கோப்பின் வரிகள்தான் முடிவு செய்கின்றன.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ரூட் (சிஸ்டத்தின் எல்லாக் கோப்புகளும் அடங்கும் ஃபோல்டர்) முழுவதையும் யூனியனாக, அதாவது மூலப்பிரதிக்கு மேல் ஓர் அடுக்காகச் சேமிக்கும் வரியைத்தான் எழுதச் சொல்கின்றன. தொடக்கத்தில் அது வசதியாகவே இருக்கும். ஆனால் அப்டேட் செய்யச் செய்ய, மூலப்பிரதியில் ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு மென்பொருள் தொகுப்பின் புதிய பதிப்பும் மேலடுக்கில் இன்னொரு முறை இடம் பிடிக்கிறது. பழையதை நீக்கினாலும் இடம் திரும்பக் கிடைப்பதில்லை. அந்தக் கோப்பை மறைக்கும் ஓர் அடையாளம் மட்டுமே மேலடுக்கில் பதிவாகிறது. சிஸ்டத்தின் மையமான கெர்னலை அப்டேட் செய்வது இன்னும் வீண்: புதிய கெர்னல் மேலடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் பூட் ஆவதோ ஐஎஸ்ஓவோடு (பென்டிரைவில் எழுதுவதற்காக டவுன்லோடு செய்த கோப்பு) வந்த பழைய கெர்னல்தான். எனவே என் கோப்பில் இப்போது பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் டைரக்டரிக்கான ஒற்றை வரி மட்டுமே இருக்கிறது.

கணக்கு எழுதுபவனுக்கு அதுவே தாராளம். லிப்ரேஆஃபீஸ் கோப்புகள், பிரவுசர் புக்மார்க்குகள், லோக்கல் ஃபான்ட் ஃபோல்டரில் போட்ட தமிழ் எழுத்துருக்கள், கீபோர்டு தேர்வு என எல்லாமே ஹோமுக்குள் அடங்கிவிடுகின்றன. சிஸ்டத்தோடு வரும் தமிழ்99 விசையமைப்பில் தானாகப் புள்ளி விழாது என்பது ஒரு குறை. அதற்குத் தேவையான தொகுப்புகளின் டெப் கோப்புகளை (டெபியனின் நிறுவல் கோப்புகள்) ஹோமிலேயே வைத்து, பூட் ஆனதும் ஒரு சிறு ஸ்கிரிப்டால் நிறுவிக்கொள்கிறேன். தனியுரிமைக்காக உருவாக்கப்பட்ட டெயில்ஸ் என்னும் லைவ் சிஸ்டமும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது: தேர்ந்தெடுத்த சில ஃபோல்டர்கள் மட்டும் நிலைக்கும், கூடுதல் மென்பொருள்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக நிறுவப்படும்.

ஐஎஸ்ஓவை அப்படியே எழுதிய பென்டிரைவில் பூட் மெனுவை நிரந்தரமாகத் திருத்த முடியாது. மெனு வந்ததும் ஆங்கில 'e' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டுப் பெர்சிஸ்டென்ஸ் என்று தட்டச்சு செய்து, எஃப்10 அழுத்த வேண்டும். பட்டறையில் நாலு பேர் சூழ்ந்து நிற்கும்போது இது எரிச்சலூட்டும் வேலை. ஐஎஸ்ஓவின் கோப்புகளை ஒரு ஃபேட்32 பார்ட்டிஷனில் நகலெடுத்துவிட்டால், யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் இயந்திரங்களில், பூட் மெனுவுக்கான கிரப் கோப்பைத் திருத்தி ஒரேயடியாக முடித்துக்கொள்ளலாம்.

அக்னி நட்சத்திர நாட்களில் சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் நிற்கும். யூபிஎஸ் வைத்திருக்கும் கடைகளோ குறைவு. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஈஎக்ஸ்டி4-இன் ஜர்னல் இருப்பதால் பார்ட்டிஷன் பெரும்பாலும் சிதையாமல் மீள்கிறது. என்றாலும் கடைசியாகச் சேமிக்காத பதிவுகள் போனவை போனவைதான் என்பதால், லிப்ரேஆஃபீஸின் தானியங்கிச் சேமிப்பு இடைவெளியைக் குறைத்திருக்கிறேன். பார்த்த இணையப் பக்கங்களின் நகலைச் சேமிக்கும் ஃபயர்ஃபாக்ஸின் டிஸ்க் கேஷையும் நிறுத்திவிட்டேன். மலிவான பென்டிரைவை மிகவும் மந்தமாக்குவது ஓயாமல் நடக்கும் அந்தச் சிறு சிறு எழுதும் வேலைகளே.

தரவைக் கடவுச்சொல்லால் பூட்டும் விஷயத்தில் டெபியன் லைவ் பின்தங்கியே இருக்கிறது. எல்யூகேஎஸ் என்னும் முறையில் மறையாக்கம் செய்த பார்ட்டிஷனைப் பயன்படுத்த முடியும், ஆனால் அதற்கும் தனியாக ஒரு பூட் அளவுரு கொடுக்க வேண்டும். டெயில்ஸ் அதைத் தானாகவே செய்வதோடு, 2023-இல் வந்த 5.13 பதிப்பிலிருந்து அதன் அடுத்த வடிவமான எல்யூகேஎஸ்2-ஐயும், கடவுச்சொல்லை ஊகிப்பதைக் கடினமாக்கும் ஆர்கான்2ஐடி-யையும் பயன்படுத்துகிறது. பிறருடைய வரவு செலவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நகரப் பேருந்தில் போகிறவர்கள் இந்தச் சிரமத்தைப் பார்க்கக்கூடாது.

புதிய ஐஎஸ்ஓவை அதே பென்டிரைவில் நேரடியாக எழுதினால் பார்ட்டிஷன் டேபிளே மாறிப்போய்ச் சேமிப்புப் பகுதி காணாமல் போகும். அதனால் டெபியன் 12-இலிருந்து 13-க்கு மாறியபோது வேறொரு பென்டிரைவைத் தயார் செய்து, கணக்குக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் மட்டும் ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் கருவி மூலம் கொண்டுவந்தேன். பழைய டெஸ்க்டாப்பின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டர் புதிய பதிப்போடு மல்லுக்கு நிற்கும் என்பதால் அதைத் தொடவில்லை.