16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர்: கடையில் எதைப் பார்ப்பது, வயலில் எப்படி அளப்பது

கைப்பம்பும் பேட்டரியும் சேர்ந்த டூ-இன்-ஒன் 16 லிட்டர் ஸ்பிரேயர் சிறு விவசாயிக்கு நல்ல கருவி. நெம்புகோலை அடித்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை, உள்ளே ரப்பர் சவ்வால் இயங்கும் டயாபிரம் பம்பு அழுத்தத்தைச் சீராகத் தருகிறது. அதற்காகவே தாராளமாக வாங்கலாம். குறையெல்லாம் அதோடு வரும் சில்லறைப் பாகங்களிலும், கூடவே சொல்லி அனுப்பப்படும் "டேங்குக்கு இத்தனை மில்லி" கணக்கிலும்தான்.

பேட்டரி 12 வோல்ட்டில் 8 ஆம்பியர்-அவர், 12 ஆம்பியர்-அவர் என்று வரும். விலை வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான். ஒரே நாளில் ஏக்கருக்கு மேல் அடிப்பவர்கள் 12 எடுங்கள். கடையிலேயே தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, டேங்கைச் சாய்த்துப் பாருங்கள். மூடி வாஷர் சரியில்லையென்றால் குனியும்போதெல்லாம் மருந்து பிடரியிலும் முதுகிலும் வழியும். நனைந்த சட்டை மணிக்கணக்காக ஒட்டியிருந்தால் மருந்து தோல் வழியாகவே உள்ளே போய்விடும். அடுத்து, மோட்டாரைப் போட்டுவிட்டுக் கைப்பிடி விசையை மூடுங்கள். மோட்டார் நின்றுவிட வேண்டும். மூடியிருக்கும்போதே விட்டுவிட்டு ஓடினால் ஹோஸ் இணைப்பிலோ வாஷரிலோ கசிவு இருக்கிறது. தோளில் மாட்டும் பட்டை அகலமாக, பஞ்சு வைத்ததாக இருக்கட்டும். நிரப்பினால் 20 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும்.

கூட வரும் பிளாஸ்டிக் நாசில்களில் பூச்சி மருந்துக்கும் பூஞ்சாண மருந்துக்கும் கோன் (கூம்பு) நாசில், களைக்கொல்லிக்கு விசிறி நாசில் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைக்கொல்லியைக் கோனில் அடித்தால் துளி பொடியாகிப் பக்கத்துப் பயிருக்குப் பறக்கும். நான்கு துளை நாசில் வேலையைச் சீக்கிரம் முடிப்பதுபோல் தெரியும், தண்ணீரும் மருந்தும் அதே வேகத்தில் தீரும். அடைத்துக்கொண்டால் வாயால் ஊதவே கூடாது. ஊசி, கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி அளவே மாறிவிடும். தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்.

இனி அளவு. லேபிளில் பெரும்பாலும் ஹெக்டேருக்குத்தான் கணக்கு இருக்கும். ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். ஹெக்டேருக்கு 250 மில்லி என்றால் ஏக்கருக்கு 100 மில்லி. இதை எத்தனை டேங்கில் பிரிப்பது என்பதை உங்கள் நடை, உங்கள் நாசில், உங்கள் பயிரின் உயரம் ஆகிய மூன்றும்தான் முடிவு செய்யும். அதனால் ஒரு சென்ட் அளந்து பாருங்கள். 33 அடி நீளம், 13.2 அடி அகலம் சரியாக ஒரு சென்ட். நான்கு மூலையிலும் குச்சி நடுங்கள். டேங்கைச் சமமான தரையில் வைத்து வெறும் தண்ணீரை ஒரு குறி வரை நிரப்புங்கள். வழக்கமாக நடக்கும் வேகத்திலேயே அந்தச் சென்ட் முழுக்க அடியுங்கள். டேங்கை அதே இடத்தில் இறக்கி, அளவு ஜாடியால் அதே குறி வரை மறுபடி ஊற்றுங்கள். ஊற்றிய அளவை 100 ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான தண்ணீர். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் நம்பலாம்.

சென்ட்டுக்கு 1.6 லிட்டர் போனது என்றால் ஏக்கருக்கு 160 லிட்டர், அதாவது 10 டேங்க். 100 மில்லி மருந்தை டேங்குக்கு 10 மில்லியாகக் கலக்கலாம். அதே ஆள் வேகமாக நடந்து 6 டேங்கிலேயே ஏக்கரை முடித்தால் 60 மில்லிதான் போயிருக்கும், பூச்சி தப்பிக்கும். 15 டேங்க் பிடித்தால் 150 மில்லி. பூச்சி சாகவில்லை என்று மருந்தை மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்ப்பது செலவையும் மிச்சமாக்கும். பயிர் இடுப்பளவு வளர்ந்ததும் மறுபடி அளக்க வேண்டும். அடர்ந்த இலைக்குத் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும். டேங்கை 15 லிட்டரோடு நிறுத்துகிறவர்கள் 15 என்றே கணக்குப் போடுங்கள்.

பேட்டரி ஸ்பிரேயருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பக்கவாட்டில் வேகம் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் அளந்த கணக்கு செல்லாது. அளந்த நிலையில் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். சார்ஜ் இறங்கும்போதும் வேகம் குறையும். முழுச் சார்ஜில் ஒரு நிமிடம் ஜாடியில் பிடித்து அளவைக் குறித்துக்கொண்டு, நாள் முடிவில் மறுபடி பிடியுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அவ்வளவு நேரம் அந்தப் பேட்டரியை ஓட்டக் கூடாது. முழுச் சார்ஜில் புது நாசிலைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால் நாசில் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

தூள் மருந்தை நேராக டேங்கில் கொட்டாமல் வாளியில் குழம்பாகக் கரைத்து, டேங்கில் பாதித் தண்ணீர் இருக்கும்போது வடிகட்டி வழியே ஊற்றுங்கள். இந்த ஸ்பிரேயர்கள் பலவற்றில் டேங்குக்குள் கலக்கும் கருவி கிடையாது. தூள் அடியில் தங்கும். இடையிடையே டேங்கைக் குலுக்குவது அவசியம்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பருத்தி அந்த ஆண்டு உயரமாக வளர்ந்திருந்தது. தலை உயரத்துக்குப் பயிர் நிற்கும்போது அண்ணாந்து அடித்தால் மருந்து நம் மேல்தான் விழும். மருந்து லேபிளில் இருக்கும் முக்கோணம் சிவப்பு, மஞ்சள் என்றால் கடும் விஷம். எந்த நிறமானாலும் நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, பூட்ஸ் வேண்டும். துண்டு கட்டிக்கொள்வது ஆவியைத் தடுக்காது, மருந்துக்கேற்ற வடிகட்டி வைத்த மாஸ்க்கே வாங்குங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வரட்டும், அடித்த பாத்திக்குள் மறுபடி நடக்க வேண்டாம். தலைசுற்றல், அதிக வியர்வை, வாயில் நீர் ஊறல், கண் மங்கல் தெரிந்தால் உடனே நிறுத்தி, உடை கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து லேபிளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வைப்பதே சரி. 2,4-டி என்ற களைக்கொல்லி கொஞ்சம் தங்கியிருந்தாலும் அடுத்து அடிக்கும் பருத்தி, தக்காளி இலை சுருண்டுவிடும். எந்த மருந்தானாலும் வேலை முடிந்ததும் மூன்று முறை அலசி, ஹோஸ் வழியாகவும் தண்ணீரை ஓட்டுங்கள். அலசிய தண்ணீரை அதே வயலில் அடித்துத் தீர்த்துவிடுங்கள், கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். லெட்-ஆசிட் பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் போட்டு வைத்தால் கெட்டுவிடும். பாதி சார்ஜ் மிச்சமிருந்தாலும் அன்றே ஏற்றுங்கள், சும்மா இருக்கும் காலத்தில் மாதம் ஒரு முறை.